அக்காவைப் பார்க்க வந்தவர்

சனிக்கிழமை சாயங்காலம், காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, என் மனைவி என் ஆயுளில் பாதியை விலை பேசிவிட்டாள்.

"நாளைக்குக் காலையில அக்காவைப் பார்க்க ஒருத்தர் வர்றார்."

அக்கா என்றால் அவள் கூடப்பிறந்தவள் இல்லை. என் மோட்டார் சைக்கிள். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. "எனக்கு முன்னாடி வந்தவ. அப்போ எனக்கு அக்காதானே?" என்று புதுப்பெண்ணாக வந்த வாரமே உறவுமுறை வைத்துவிட்டாள். கறுப்பு நிறம், கனத்த உடம்பு, கொஞ்சம் கோபக்காரி. உதைத்தால்தான் கிளம்பும். சமயத்தில் திருப்பியும் உதைக்கும்.

"பார்க்கறதுன்னா? எதுக்குப் பார்க்கணும்?"

"வாங்கத்தான். பிடிச்சிருந்தா கையோட ஓட்டிட்டுப் போயிடுவாராம்."

"என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்வீங்க. அதான் கேட்கலை."

நானும் துணியில் ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே மடித்த துணி.

"நல்லா ஓடற வண்டியை யாராவது விப்பாங்களா?"

"ஓடற வண்டிதான். ஓட்டறவர் எங்க? ஒரு மாசமாத் தார்ப்பாயையே எடுக்கலை. கேட்டா ஒரு நாள் வெயில்னீங்க, ஒரு நாள் தூறல்னீங்க. போன வாரம் காத்து சரியில்லன்னீங்க."

சரியில்லாமல் போனது காற்று இல்லை. என் வலது முட்டி. ஆனால் அதை அவளிடம் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன், மனசோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பெயர்ப்பலகை வெட்டுகிறவன். பித்தளைத் தகடு, கேடயம், கோப்பை, எதில் யார் பெயர் வேண்டுமானாலும் வெட்டித் தருவேன். ஊரில் உள்ளவர்கள் பெயரெல்லாம் என் கையால் பளபளக்கிறது. வீட்டில் எனக்கு ஒரே பெயர்தான், 'என்னங்க'. ஆறு மாசத்துக்கு முன் கடைக்கு ஒரு கேடயம் வந்தது. சிலம்பப் போட்டி, மூத்தோர் பிரிவு, முதல் பரிசு. பெயர் வெட்டும் இடம் மட்டும் காலி. அதைப் பார்த்ததும் எனக்கு உள்ளே என்னவோ செய்தது. கண் கலங்கியது என்றே சொல்லிவிடுகிறேன்.

ஏனென்றால் நானும் கம்பு சுற்றியவன். மரக்கடைக்குப் பின்னால், மரத்தூள் கொட்டிக் கிடந்த இடத்தில் எங்கள் பயிற்சி. விழுந்தால் அடிபடாது, தும்மல்தான் வரும். வேலை முடிந்ததும் அக்காவை உதைத்துக் கிளப்பிக்கொண்டு நேராக அங்கே போய்விடுவேன். உடம்பில் வலு இருந்தது, தலையில் முடி இருந்தது, கவலை என்ற ஒன்றைத் தவிர எல்லாமே இருந்தது.

ஒரே சங்கடம் கம்புதான். சிலம்பக் கம்பு அவரவர் நெற்றி உயரத்துக்கு இருக்கும். அதை மோட்டார் சைக்கிளில் எப்படிக் கொண்டுபோவது? குறுக்கே வைத்தால் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் அடி. நீளவாக்கில் கட்டினால் முன்னால் போகிறவர் முதுகில் குத்து. கல்யாணமானதும் அந்தக் கவலை தீர்ந்தது. என் மனைவி பின்னால் உட்கார்ந்து, கம்பைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்வாள். மரக்கிளை வந்தால் சாய்ப்பாள், தாண்டியதும் நிமிர்த்துவாள். ஒரு நாள் சந்திப்பில் போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்திவிட்டார்.

"என்னம்மா, கொடிக்கம்பத்தைத் தூக்கிட்டு எங்க போறீங்க? எந்தக் கட்சி?"

"இவர் கட்சிங்க," என்றாள் என் முதுகைக் காட்டி. "நான் ஒருத்திதான் தொண்டர்."

காவலர் சிரித்துவிட்டார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை அணைத்துவிட்டேன். அப்புறம் அது ரொம்ப நேரம் கிளம்பவில்லை, பின்னால் வந்தவர்கள் எல்லாம் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் அந்தச் சந்திப்பில் போய் ஒரு முறை நின்றுவிட்டு வரலாம் போல இருக்கிறது.

பிறகு மகள் பிறந்தாள். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து வந்தாள். அவளையும் பிடிக்கணும், பையையும் பிடிக்கணும், இதில் கம்பை எங்கே பிடிப்பது? கம்பு வீட்டோடு தங்கியது. கொஞ்ச நாள் அதில் திரைச்சீலை தொங்கியது, கொஞ்ச நாள் ஒட்டடை அடித்தது. கடைசியில் எங்கே போனதென்றே தெரியவில்லை. மகளும் வளர்ந்து வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். அக்கா மட்டும் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

அந்தக் கேடயத்தைப் பார்த்த மறுநாளே ஒரு புதுக் கம்பு வாங்கினேன். எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கைச் சேர்த்துக்கொண்டேன். 'வாக்கிங் போறேன்' என்று சொல்லிவிட்டுக் காலையில் இருவரும் மொட்டைமாடிக்கு ஏறிவிடுவோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பைப்புகளோடு பைப்பாகக் கம்பை ஒளித்து வைத்திருந்தோம். ஐந்து மாசம் சுகமாகப் போனது. ஆறாவது மாசம், எகிறித் திரும்பும் ஒரு சுற்றில், துணிக்கு மாட்டும் கிளிப் ஒன்றின் மேல் கால் வைத்துவிட்டேன். முட்டிக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். எடுத்துப் பார்த்தால் அது எங்கள் வீட்டுக் கிளிப்.

டாக்டர் என்றாலே எனக்கு ஆகாது. 'இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே' என்பதற்கே படித்தவர்கள். முட்டியைக் காட்டினால் கம்பும் போகும், வண்டியும் போகும். வயசான காலத்தில் எனக்கென்று இருக்கிற இரண்டே ஆசை. அதனால் மூடி மறைத்தேன். ஆனால் மறைப்பது லேசா? என் மனைவி பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். டாக்டர்களின் கையெழுத்தையே படிக்கிறவள். அவளுக்கு என் முகம் எம்மாத்திரம்? படியேறும்போது வலித்தால் பாதியில் நின்று ஜன்னல் வழியாக வானத்தை ரசிப்பேன்.

"என்னங்க, திடீர்னு வானம் பார்க்கறீங்க?"

"அழகா இருக்கு இல்ல?"

"அது பக்கத்து பில்டிங் சுவருங்க."

இப்படி ஒரு மாசம் ஓட்டிவிட்டேன். இந்த நேரத்தில்தான் அக்காவைப் பார்க்க ஆள் வருகிறது என்கிறாள். 'முட்டி சரியானதும் ஓட்டுவேன், விற்காதே' என்று காலில் விழவும் முடியாது. முட்டியை மடக்கினால்தானே விழ?

ஓடினேன் எதிர்வீட்டுக்கு. ஓடினேன் என்பது பேச்சுக்கு.

லிஃப்ட்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார்.

"அண்ணே, வண்டி ரிப்பேர்னு சொல்லிடலாமா?"

"சொன்னா விலையைக் குறைச்சுக் கேட்பான். என் வீட்டுக்காரி இடம் காலியானா போதும்னு குடுத்துடுவா."

"அப்போ வண்டியைக் குறை சொல்லக் கூடாது. உடம்பைக் காட்டுங்க. இதை ஓட்டித்தான் இப்படி ஆயிட்டேன்னு சொல்லுங்க. வலி இருக்கவே இருக்கு. நடிக்கக்கூட வேண்டாம், அடக்காம விட்டாலே போதும். வந்தவன் வந்த வழியே ஓடிடுவான்."

அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஒரு மாசமாக என்னை வதைத்த முட்டி, என் வண்டியைக் காப்பாற்றப்போகிறது!

மறுநாள் காலை அந்த ஆள் வந்தார். நாற்பது வயசு இருக்கும். மடித்துவிட்ட சட்டைக் கை, சுத்தமான ஷூ. மாடிப்படிக்குக் கீழே நின்று, நான் ஒவ்வொரு படியாக இறங்கி வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதை தெரிந்த மனுஷன், இவரை விரட்ட வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாகக்கூட இருந்தது. லிஃப்ட்காரர் முன்னதாகவே வந்து தூணில் சாய்ந்து நின்றிருந்தார்.

தார்ப்பாயை விலக்கினேன்.

"நல்ல வண்டி," என்றார் வந்தவர். "எப்படி ஓடுது?"

"சார், உங்களைப் பார்த்தா நல்லவரா தெரியறீங்க. அதனால சொல்றேன். இது வண்டி இல்ல. எலும்பை எண்ணிப் பார்க்கிற மெஷின்."

"அப்படியா?"

"நீங்க ஒரு உதை குடுத்தா அது ரெண்டு குடுக்கும். கடன் வைக்கவே வைக்காது."

"அண்ணன் மானா துள்ளிட்டிருந்தவர் சார்," என்றார் லிஃப்ட்காரர், குரல் உடைந்து. "இப்போ நடையைப் பாருங்க. பெத்த வயிறு பத்தி எரியுது."

அவர் என்னைவிட எட்டு வயசு சின்னவர். நான் முறைத்தேன். வந்தவர் ஓடவில்லை. யோசனையாக என் பக்கத்தில் வந்தார்.

"எனக்கும் முட்டி விஷயத்துல கொஞ்சம் பயம் உண்டு. சரியா எங்க வலிக்குதுன்னு காட்டினீங்கன்னா, நானும் முடிவு பண்ண வசதியா இருக்கும்."

மாட்டிக்கிச்சுடா மீன், என்று நினைத்துக்கொண்டேன். கடைசிப் படியில் உட்கார்ந்து பேண்டைச் சுருட்டினேன். அவர் குனிந்து விரலால் அழுத்தினார்.

"இங்கயா?"

"இன்னும் கொஞ்சம் உள்பக்கம்."

"இங்க?"

"அம்மா!"

அந்த அம்மாவில் நடிப்பு இல்லை. லிஃப்ட்காரர் கட்டைவிரலை உயர்த்திப் பாராட்டினார்.

"படி ஏறும்போது வலியா, இறங்கும்போதா?"

"இறங்கும்போதுதான் உயிர் போகுது."

"காலையில எழுந்ததும்?"

"அப்படியே பிடிச்சுக்கும் சார். சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுதான் பாத்ரூம் போறேன். வீட்டுக்காரிக்குத் தெரியாது."

"வீக்கம்?"

"சாயங்காலமானா வரும். தைலத்தைப் போட்டு அமுக்கிடுவேன்."

"தைலம் யார் வாங்கித் தர்றாங்க?"

"நான்தான் சார்," என்றார் லிஃப்ட்காரர் பணிவோடு.

எத்தனையோ பேர் அந்த வண்டியைக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒருவர்கூட என் முட்டியைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. சொல்லச் சொல்ல எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஒரு மாசமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை யாரோ ஒருவரிடம் கொட்டுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. நடு இரவில் புரண்டு படுக்கும்போது வருவது, சம்மணம் போட முடியாதது, குனிந்து செருப்பு மாட்டும்போது கண் இருட்டுவது என்று கேட்டதையும் சொன்னேன், கேட்காததையும் சொன்னேன்.

அவர் எழுந்திருக்க எனக்குக் கை கொடுத்தார். கொடுத்தவர் கையை விடாமல் திருப்பிப் பார்த்தார்.

"உள்ளங்கை இப்படிக் காய்ச்சிருக்கே. இது வண்டி ஓட்டற கை மாதிரி தெரியலையே."

இங்கேதான் நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். லிஃப்ட்காரர்கூடக் கண்ணைக் காட்டினார். ஆனால் ஐந்து மாசமாக யாரிடமும் சொல்ல முடியாமல் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்த பெருமை அது.

"கம்பு," என்றேன் ரகசியமாக.

"சிலம்பமா!" அவர் கண் விரிந்தது. "நிஜமாவா? இந்த வயசுலயா?"

"இந்த வயசுலயான்னா? மூத்தோர் பிரிவுல இறங்கலாம்னு இருக்கேன்."

"சுத்தும்போது காலை எப்படி வைப்பீங்க? பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை சார்."

அதற்குமேல் என்னை யார் நிறுத்த முடியும்? படிக்கட்டு துடைக்கும் மாப் சுவரில் சாய்ந்திருந்தது. எடுத்தேன். ஒரு வணக்கம் வைத்தேன். காலை அகட்டி, முன்னே ஒன்று, பின்னே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மாப்பில் மிச்சமிருந்த தண்ணீர் மூன்று பேர் மேலும் சமமாகத் தெளித்தது. எனக்கு அது தெரியவில்லை. எனக்கு வயசு இருபத்தைந்து. மரத்தூள் வாசனை அடித்தது. 'எகிறித் திரும்பும்போதுதான் அன்னிக்கு முட்டி போச்சு' என்று அந்த வேகத்தில் உளறியும்விட்டேன்.

"அடிபட்ட அந்தத் திருப்பத்தை மட்டும் மெதுவா செஞ்சு காட்டுங்க. முழுசா வேண்டாம், பாதி போதும்."

பாதி திரும்பினேன். டொக்.

"இந்தச் சத்தம் வண்டியில வந்ததா?" என்றார்.

"இல்லீங்க. என்கிட்டதான்," என்றேன், மாப்பை ஊன்றிக்கொண்டு.

அப்போதுதான் படியில் காலடிச் சத்தம் கேட்டது. என் மனைவி ஒரு தட்டில் நான்கு டம்ளர் தேநீரோடு இறங்கி வந்தாள். என் கையில் இருந்த மாப்பைப் பார்த்தாள். சுருட்டிவிட்ட பேண்டைப் பார்த்தாள். ஆச்சரியமே படவில்லை. முதல் டம்ளரை வந்தவரிடம் நீட்டினாள்.

"எல்லாம் சொல்லிட்டாரா, டாக்டர்?"

டாக்டர்!

திரும்பி லிஃப்ட்காரரைத் தேடினேன். அந்த மனுஷன் மூன்றாவது மாடிக்குப் படியேறி ஓடிக்கொண்டிருந்தார். லிஃப்டைச் சரிபார்த்தே வாழ்நாளைக் கழித்தவருக்கு, லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் அன்று படி ஒரு பொருட்டாகவே இல்லை.

"தப்பா நினைக்காதீங்க சார்," என்றார் எலும்பு டாக்டர். "கடையில பார்க்கும்போதெல்லாம் உங்க வீட்டம்மா சொல்வாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்கன்னேன். அவர் வரமாட்டார், நீங்க வண்டியைக் கேட்டு வாங்க, அவரே எல்லாத்தையும் சொல்லிடுவார்னாங்க. நான் நம்பலை. ஆனா என்கிட்ட வர்றவங்ககூட இவ்வளவு விளக்கமா சொன்னதில்ல சார். அடிபட்ட விதத்தை யாரும் ஆடியும் காட்டினதில்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன் மனைவியிடம்.

"ஆறு மாசமா வாக்கிங் போறீங்க. செருப்பு தேயலை, கைதான் காய்ச்சுப்போச்சு. எதிர்வீட்டு அண்ணன் வாராவாரம் எங்க கடையிலேயே முட்டித் தைலம் வாங்கறார், அவர் நல்லாத்தான் நடக்கறார். நீங்கதான் சுவரைப் பார்த்து வானம்னு சொல்றீங்க. ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுதானேங்க?"

எத்தனை கடை இருக்கும்போது அந்த மனுஷன் அங்கேயேதான் வாங்கியிருக்கிறார்!

டாக்டர் தேநீரைக் குடித்து முடித்துத் தீர்ப்புச் சொன்னார். எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைநார் பிசகியிருக்கிறது. நாளைக்கு வந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாசம் உதைக்கவும் கூடாது, சுற்றவும் கூடாது. அப்புறம் உடம்பைப் பழக்கி, இரண்டையும் ஆரம்பிக்கலாம். இன்னும் ஒரு மாசம் மறைத்திருந்தால் இரண்டையும் மறந்திருக்க வேண்டியதுதான். போகும்போது அக்காவின் விளக்கை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "எங்கப்பாகிட்ட இதே மாதிரி ஒண்ணு இருந்தது," என்று சொல்லிவிட்டு, மனசில்லாமல் தெருவில் இறங்கினார்.

நானும் அவளும் மட்டும் நின்றோம். அவள் முந்தானையால் டேங்க் மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

"அப்போ... அக்காவை விக்கலையா?"

"விக்கறதா?" துடைத்த கை நின்றது. "எத்தனை வருஷம் இவ சத்தத்தைக் கேட்டு அடுப்பைப் பத்த வச்சிருக்கேன். தெருமுனையில திரும்பும்போதே தெரியும், நீங்க நல்லபடியா வந்துட்டீங்கன்னு. இந்த ஒரு மாசமா வீடே ஊமையாக் கிடக்கு. அதான் பயந்துட்டேன். நீங்க பழையபடி இவளை உதைக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

இதைக் கேட்டு நான் என்ன ஆனேன் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இந்த மகராசியைப் போய் ஒரு மாசம் ஏமாற்றினேனே என்று மனசு உருகிவிட்டது. மாப்பைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சத்தியமா இனி உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன். நீயும் எந்தக் காலத்திலயும் இவளை விக்கக் கூடாது."

"விப்பேனா?" என்றாள் அவள், தார்ப்பாயைப் பதவிசாக இழுத்துப் போர்த்தியபடி. "பத்து நாளா இடது பக்கமாவே மென்னுட்டிருக்கீங்களே. அடுத்த ஞாயித்துக்கிழமை வண்டி பார்க்க இன்னொருத்தர் வர்றார். வாயை நல்லாத் திறந்து பேசுங்க."